டிக்கெட் 105 டாலர்தான், கட்டிவிட்டு மறந்துவிடலாமா?

2022 நவம்பர் 6

எடிசன் நகரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நியூ ஜெர்ஸியில் எட்டு வருடமாக ஓட்டுகிறேன். முதல் டிக்கெட். வேக வரம்பு 50 மைல் உள்ள ரோட்டில் 66 போனதாகப் போலீஸ்காரர் எழுதிவிட்டார். அபராதம் 105 டாலர். முதல் டிக்கெட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் ஏறாது, ஆன்லைனில் கட்டிவிட்டு வேலையைப் பார் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?"

சரியில்லை. அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பாலிசியைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

போலீஸ்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனது குற்றச்சாட்டு மட்டும்தான். அந்த நிலையில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதுவும் தெரியாது. ஆன்லைனில் 105 டாலரைக் கட்டினால் "ஆமாம், வேகமாகத்தான் போனேன்" என்று ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அதற்கப்புறம்தான் அது உங்கள் டிரைவிங் ரெக்கார்டில் ஏறும், கூடவே தப்புக்குத் தக்கபடி மைனஸ் மார்க் மாதிரி பாயின்டும். இங்கே 1 முதல் 14 மைல் வரை அதிகம் போனால் 2 பாயின்ட். 15 முதல் 29 வரை 4. 30-ம் அதற்கு மேலும் 5. உங்களுடையது 16 மைல், அதாவது 4 பாயின்ட். 64-ல் போயிருந்தால் 2 பாயின்டோடு போயிருக்கும்.

105 டாலர் கோர்ட்டுக்குப் போகிற காசு. இன்சூரன்ஸ்காரர்கள் அந்தத் தொகையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். என்ன குற்றம், எந்தத் தேதி, எத்தனை மைல் அதிகம், இவைதான் அவர்களுக்கு வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், என் மேஜையிலும் ஒரு டிக்கெட் கிடக்கிறது. அதே 50 மைல் ரோடு. நான் 67.

2022 நவம்பர் 7

ஆபீஸ்காரர்களைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. முதல் சின்ன டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் கம்பெனிகள் உண்டு. ஆனால் அது அவரவர் விதி, சட்டம் இல்லை. அப்புறம், ஒவ்வொரு ரின்யூவலுக்கும் எல்லோருடைய ரெக்கார்டையும் அவர்கள் வரவழைப்பதில்லை. அதற்குக் காசு கொடுக்க வேண்டும். புதிதாகச் சேரும்போது கட்டாயம் பார்ப்பார்கள், மற்றபடி இடையிடையே. அதனால்தான் "எனக்கு ஏறவே இல்லையே" என்று சொல்ல ஆபீஸுக்கு ஒருவர் கிடைத்துவிடுகிறார். ஏறவில்லையா, இன்னும் பார்க்கவில்லையா என்பது அவருக்கும் தெரியாது.

2022 நவம்பர் 13

என் டிக்கெட் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மகளின் தமிழ்ப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பின் சீட்டில் இருந்தபடி எட்டிப் பார்த்து, "அப்பா, அறுபத்தேழு" என்று தமிழில் படித்தாள். தமிழில் எண் சொல்கிறாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு. பூரித்து முடிப்பதற்குள் கண்ணாடியில் சிவப்பு நீலம். போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் வந்து "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும், 67" என்று சொல்லிவிட்டேன். இப்போதுதானே காதில் விழுந்தது! அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அந்தக் கேள்விக்கு அவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லும் அவசியம் யாருக்கும் இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிறகு.

2022 டிசம்பர் 10

கோர்ட் முடிந்தது. நேரில்கூட இல்லை, கம்ப்யூட்டர் திரையில்தான். என்னைப் போல முப்பது நாற்பது முகங்கள் சின்னச் சின்னப் பெட்டிகளில். ஒருவர் காரில் உட்கார்ந்தபடி ஆஜரானார். வண்டி ஓடவில்லை என்று நீதிபதி உறுதிசெய்துகொண்ட பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

வக்கீல் வைக்கவில்லை. முனிசிபல் பிராசிக்யூட்டர், அதாவது அரசுத் தரப்பு வக்கீல், என் ரெக்கார்டைப் பார்த்தார், சுத்தம். 39:4-97.2 தருகிறேன், ஒத்துக்கொள்கிறீர்களா என்றார். "அன்சேஃப் டிரைவிங்" என்கிற பிரிவு. நியூ ஜெர்ஸிக்காரர்களுக்கு இது பிரசாதம் மாதிரி. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் பாயின்ட் கிடையாது. ஐந்து வருடத்துக்குள் மூன்றாவது தடவை மாட்டினால்தான் 4. சும்மா கிடைக்காது: 250 டாலர் சர்சார்ஜ் என்கிற கூடுதல் கட்டணம், அதன் மேல் அபராதம், அதன் மேல் கோர்ட் செலவு. 105 டாலர் டிக்கெட்டுக்கு நானூறு டாலருக்கு மேல் கட்டிவிட்டு வெற்றிப் புன்னகையோடு லேப்டாப்பை மூடினேன்.

பூஜ்யம் பாயின்ட். இன்சூரன்ஸ் ஒரு காசு ஏறாது. எடிசன் நண்பரே, நீங்களும் இதையே கேட்டு வாங்குங்கள்.

2023 பிப்ரவரி 18

ரின்யூவல் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு 812 டாலர் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது 978.

பூஜ்யம் பாயின்டுக்கு 166 டாலர்! கோர்ட்டில் நானூறு அழுதது எதற்கு? பகல் கொள்ளை. திங்கட்கிழமை ஏஜென்டைப் பிடித்து உலுக்கப்போகிறேன்.

2023 பிப்ரவரி 20

முந்தாநாள் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், எனக்கே பாடமாக இருக்கட்டும்.

ஏஜென்ட் பொறுமைசாலி. பழைய டெக்லரேஷன் பேஜையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பாலிசியின் முதல் பக்கங்கள், எந்தக் காருக்கு எந்தக் கவரேஜுக்கு எவ்வளவு என்று வரிவரியாக இருக்குமே, அதுதான். பத்து வருடமாக அதை நேராகக் குப்பைத்தொட்டிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

166-ல் 97 டாலர், கம்பெனி மாநிலம் முழுக்க உயர்த்திய ரேட். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதேதான். 43 டாலர், முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி. இந்த முறை மாதத் தவணைக்கு மாறினேன், அது போய்விட்டது. மாறியது யார்? நான்தான், கோர்ட்டுக்குக் கட்டி கையில் காசில்லாமல். மிச்சம் 26 டாலர் மைலேஜ். கொரோனா காலத்தில் வருடம் 6,000 மைல் என்று எழுதிக் கொடுத்திருந்தோம், இப்போது தினமும் ஆபீஸ், 12,000.

டிக்கெட்டுக்கு? பூஜ்யம். இந்த ரின்யூவலுக்கு என் ரெக்கார்டை அவர்கள் வரவழைக்கவே இல்லையாம். உலுக்கப் போனவன் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

2023 பிப்ரவரி 26

"சர்சார்ஜ் மூன்று வருடம் வருமாமே, அதுதானா இது?" என்று ஒருவர். இந்தச் சொல் இங்கே மூன்று வெவ்வேறு ஆட்களுக்குப் பெயர். நானும் மேலே ஒழுங்காகப் பிரிக்காமல் எழுதிவிட்டேன்.

ஒன்று, நான் கோர்ட்டில் கட்டிய 250. அந்தப் பிரிவுக்கே உரியது, ஒரே தடவை.

இரண்டு, மாநில மோட்டார் வாகன ஆணையம் போடுவது. மூன்று வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் 150 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு பாயின்டுக்கும் 25. பாயின்ட் 6-க்குக் கீழே இறங்கும்வரை வருடா வருடம் வரும். இது அரசாங்கத்துக்கு, இன்சூரன்ஸுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. நியூயார்க்கிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: 18 மாதத்தில் 6 பாயின்ட் வந்தால் வருடம் 100 வீதம் மூன்று வருடம்.

மூன்றுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது. இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தின் மேல் ஏற்றுவது. இது பெரும்பாலும் மூன்று வருடம், சில இடங்களில் ஐந்து. ஆணையத்தின் பாயின்ட் கணக்கைப் பார்த்து இதைப் போடுவதாக நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். அவர்கள் நோட்டு வேறு.

2023 பிப்ரவரி 27

அண்ணனிடம் போனில் இதையெல்லாம் புலம்பினேன். ஊரில் இன்சூரன்ஸ் சலானைப் பார்ப்பதில்லை, கிளெய்ம் வாங்கினாயா இல்லையா என்பதைத்தான் பார்க்கிறது. கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரை போகும். "இடிக்காம எவ்வளவு வேகமா போனாலும் அவனுக்கு ஒண்ணும் இல்லடா, அங்க இடிக்காமலே தண்டமா?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் சொல்லத் தோன்றுகிறது: இங்கே டிக்கெட்டை நடந்த தப்பாகப் பார்ப்பதில்லை, நடக்கப்போவதற்குச் சகுனமாகப் பார்க்கிறார்கள்.

சகுனம் என்றதும் இன்னொன்று. டிரைவிங் ரெக்கார்டை ஜாதகம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடுகிறது. நம் ஜாதகம் நம்மிடம் இருப்பதைவிட மாப்பிள்ளை வீட்டாரிடம்தான் பத்திரமாக இருக்கும்.

2023 ஜூன் 17

டிசம்பரில் "ஒரு காசு ஏறாது" என்று எழுதினேன் அல்லவா? பாதி வாபஸ்.

978 உறுத்திக்கொண்டே இருந்ததால் வேறொரு கம்பெனியில் ஆன்லைன் கொட்டேஷன் எடுத்தேன். கடந்த ஐந்து வருடத்தில் போக்குவரத்துக் குற்றம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. எனக்குத்தான் பூஜ்யம் பாயின்ட் ஆயிற்றே, "இல்லை" என்று தட்டினேன். 842 டாலர் என்று வந்தது. ஆஹா, 136 டாலர் மிச்சம். பெயர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் கொடுத்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். சக்கரம் சுற்றியது. 969 டாலர் என்று வந்து நின்றது.

ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையில் 127 டாலர். அந்தச் சக்கரம் சுற்றிய சில நொடிகளில் ஜாதகத்தை வரவழைத்துப் பார்த்துவிட்டார்கள்.

நல்லவேளை, முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். வரிவரியாக ஒப்பிட்டேன். லயபிலிட்டி, அதாவது நாம் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது, 366 இருந்தது 424 ஆகியிருந்தது. இடித்தால் நம் காருக்கான கொலிஷன் 258-லிருந்து 309. மருத்துவச் செலவு முதலான மற்றவை 147-லிருந்து 165. காம்பிரிஹென்சிவ் மட்டும் 71, அப்படியே 71. நியாயம்தான். கார் திருடு போவதற்கும் மேலே மரம் விழுவதற்கும் நான் 67-ல் போனதற்கும் என்ன சம்பந்தம்?

உடனே 15 டாலர் கட்டி என் டிரைவர் ஹிஸ்டரி அப்ஸ்ட்ராக்ட்டை ஆணையத்திடமிருந்து வாங்கினேன். ஐந்து வருட வரலாறு. அதில் ஒரே ஒரு வரி: அன்சேஃப் டிரைவிங், தேதி, பாயின்ட் கட்டத்தில் 0. பாயின்ட்தான் பூஜ்யம், வரி பூஜ்யம் இல்லை. இந்தக் கம்பெனி பாயின்டைப் பார்க்கவில்லை, வரியைப் பார்த்தது.

கட்டுகிற 978-க்கும் இந்த 969-க்கும் 9 டாலர்தான் வித்தியாசம். ஒன்பது டாலருக்காக யார் மாறுவார்? பழைய இடத்திலேயே இருக்கிறேன்.

2023 ஜூன் 18

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது.

என் கம்பெனி எனக்கு ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. பில்லில் டிக்கெட் என்று ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் அந்த டிக்கெட் ஆறு மாதத்துக்கு 127 டாலர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது, வேறு கடைக்குப் போகவிடாமல். வெளியே வரப் பார்த்தால்தான் கதவு பூட்டியிருப்பது தெரிகிறது. "எனக்கு ஏறவே இல்லை" என்று சொல்லும் ஆபீஸ்காரர்களிடம் இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி: டிக்கெட்டுக்கு அப்புறம் வெளியே கொட்டேஷன் எடுத்துப் பார்த்தீர்களா?

2023 ஜூன் 21

அந்த "இல்லை"யைப் பற்றி ஒருவர் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருக்கிறார். நியாயம். கேள்வி பாயின்ட் உண்டா என்பதில்லை, குற்றம் உண்டா என்பது. "ஆமாம்" என்பதுதான் சரியான பதில். எப்படியும் அவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதால் என் விஷயத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பொய் எழுதி, அது ஒரு கிளெய்ம் நேரத்தில் வெளியே வந்தால், 127 டாலரெல்லாம் ஞாபகத்துக்கே வராது. தெரிந்து எழுதிய பொய் இல்லை, தெரியாமல் எழுதியது. ஆனால் விண்ணப்பத்தில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

2023 ஜூன் 25

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு அக்கா எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஒன்டாரியோவிலும் என்னைப் போலவே ஒரு கூட்டம் உண்டாம். அங்கே மணிக்கு 15 கிலோமீட்டர் வரை அதிகம் போனால் டிமெரிட் பாயின்ட் பூஜ்யம், 16 முதல் 29 வரை 3. போலீஸ்காரர் இரக்கப்பட்டு 15 என்று குறைத்து எழுதினால் தப்பித்தோம் என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இன்சூரன்ஸோ பாயின்டைப் பார்ப்பதில்லை, தண்டனை எத்தனை என்று எண்ணுகிறது. பூஜ்யம் பாயின்ட் தண்டனையும் ஒரு தண்டனைதான்.

எல்லை தாண்டியும் ஒரே முட்டாள்தனம். தனியாக இல்லை என்பதில் ஓர் ஆறுதல்.

2023 ஆகஸ்ட் 12

"டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்தால் டிக்கெட் போய்விடும்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. சொல்பவர் எந்த மாநிலம் என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

டெக்ஸஸில் உண்மையாகவே போய்விடும். தகுதி இருந்து, கோர்ட்டில் கேட்டு, வகுப்பை முடித்தால் வழக்கே தள்ளுபடி. 12 மாதத்துக்கு ஒரு தடவைதான், 25 மைலோ அதற்கு மேலோ அதிகம் போயிருந்தால் கிடையாது. டாலஸில் இருக்கும் என் மச்சான் இதை வருடாந்திரத் திருவிழா போலக் கொண்டாடுகிறான்.

கலிபோர்னியாவில் போகாது, மறையும். டிராஃபிக் ஸ்கூல் முடித்தால் அந்த ஒரு பாயின்டை இன்சூரன்ஸ்காரர் கண்ணில் படாமல் மூடிவைக்கிறார்கள். 18 மாதத்துக்கு ஒரு முறை. அங்கே இது ரொம்பப் பெரிய விஷயம். 1988-ல் வாக்கெடுப்பில் வந்த 103-ம் சட்டத்தின்படி பிரீமியத்துக்கு முதல் காரணம் ஓட்டுநரின் ரெக்கார்ட்தான். நல்ல ஓட்டுநர் என்று தகுதி பெற்றால் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு பாயின்டுக்கு மேல் போனால் அந்தத் தகுதி போச்சு. அங்கே ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டாவது டிக்கெட்டுக்கு ஏன் அப்படிப் பதறினார் என்று இப்போதுதான் புரிகிறது.

நம் நியூ ஜெர்ஸியில் போகவும் போகாது, மறையவும் மறையாது. வகுப்பு முடித்தால் ஆணையத்தின் கணக்கில் 2 பாயின்ட் கழியும். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் தானாகவே 3 கழியும். கழிவது பாயின்ட்தான். அந்த வரி அங்கேயே உட்கார்ந்திருக்கும், இன்சூரன்ஸ்காரர் கண்ணில் படும்.

அப்படியானால் வீணா என்றால் இல்லை. வகுப்பை முடித்தவருக்கு மூன்று வருடம் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது இங்கே சட்டம். டிக்கெட் வாங்கியவர், வாங்காதவர் எல்லோருக்கும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடித்தேன். ஆறு மாதத்துக்கு 31 டாலர் குறைந்தது. முன் வண்டிக்கும் நமக்கும் எத்தனை நொடி இடைவெளி வேண்டும் என்று 20 வருடம் ஓட்டிய பிறகு கற்றுக்கொண்டேன்.

2023 ஆகஸ்ட் 13

வட கரோலினாவை விட்டுவிட்டேன், அங்குள்ள கேரி நகரத்திலிருந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அங்கே லைசென்ஸ் பாயின்ட் ஒரு கணக்கு, இன்சூரன்ஸ் பாயின்ட் இன்னொரு கணக்கு. சட்டத்திலேயே இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவோ மேல். அப்புறம் "பிரேயர் ஃபார் ஜட்ஜ்மென்ட்" என்று ஒன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நீதிபதி தீர்ப்பெழுதாமல் நிறுத்திவைப்பார், இன்சூரன்ஸ் பாயின்ட் வராது. ஆனால் 2023 விதிப்படி மூன்று வருடத்துக்கு ஒன்றுதான். ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று.

எழுதியவருக்கு அங்கேதான் வலி. மார்ச்சில் இவர் அதைச் செலவழித்துவிட்டார், மே மாதம் மனைவிக்கு டிக்கெட். வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

2023 நவம்பர் 27

விடுமுறைக்குத் தெற்கே காரில் போய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை, அடுத்த வருடத்துக்காகவாவது. வர்ஜீனியாவில் 85-க்கு மேல் போனால், அல்லது அனுமதித்த வேகத்தைவிட 20 மைல் அதிகமானால், அது டிக்கெட் இல்லை, ரெக்லெஸ் டிரைவிங். கிரிமினல் குற்றம். எழுபது மைல் ரோட்டில் 86 போனால் போதும். 16 மைல்தானே அதிகம் என்று எடிசன் கணக்கைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வெளி மாநில டிக்கெட் வீட்டுக்கு வராது என்பதும் கட்டுக்கதை. மாநிலங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றன. வேறு மாநிலத்தில் வாங்கிய குற்றத்துக்கு நியூ ஜெர்ஸி 2 பாயின்ட் போடும்.

நியூயார்க் நகரத்தின் கேமரா டிக்கெட் மட்டும் வேறு ஜாதி. 50 டாலர், வண்டியின் சொந்தக்காரர் பெயருக்கு வரும். யார் ஓட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது, அதனால் பாயின்டும் இல்லை, இன்சூரன்ஸுக்கும் போகாது. ஆனால் கட்டாமல் விடாதீர்கள். என் நண்பர் ஒருவர் நான்கைச் சேர்த்து வைத்திருந்தார், அம்மா வீட்டில் பொங்கல் வாழ்த்து அட்டை சேர்ப்பது மாதிரி.

2024 ஏப்ரல் 14

புது ரின்யூவல் 1,141. "உங்கள் டிக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் போல" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. இந்த முறை டெக்லரேஷன் பேஜை முதலிலேயே பார்த்தேன். போன வாரம் வந்த அரசாங்கப் புள்ளிவிவரத்தில், கார் இன்சூரன்ஸ் ஒரு வருடத்தில் நாடு முழுக்க 22.2 சதவீதம் ஏறியிருக்கிறது. பாகங்கள் விலை, மெக்கானிக் கூலி, கார் விலை. டிக்கெட்டே வாங்காத என் மனைவியின் தங்கைக்கும் ஏறியிருக்கிறது. அவள் அதற்கும் என்னையே பார்க்கிறாள்.

இரண்டாவது கார் மனைவி பெயரில் இருந்தாலும் பாலிசி ஒன்றுதான் என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும். குற்றம் காரோடு ஒட்டுவதில்லை, ஓட்டுநரோடு ஒட்டும். ஓட்டுநரைக் கம்பெனி ஏதோ ஒரு காரோடு ஜோடி சேர்த்துவிடும். டிக்கெட் வாங்கிய ஜாதகக்காரன் விலை கூடிய காரோடு சேர்ந்திருந்தால் ஏற்றமும் அந்தக் காரின் மேல்தான். யார் எந்தக் காரை அதிகம் ஓட்டுகிறார் என்று உள்ளபடி சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் பழைய கார் என்னுடையது. எப்போதுமே அப்படித்தான், டிக்கெட்டினால் இல்லை.

2025 ஜனவரி 19

"ஆப் போட்டால் தள்ளுபடி" பற்றிக் கேட்டவருக்கு: நாம் ஓட்டும் விதத்தைப் போனிலிருந்தே கவனித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் ஆப் அது, நான் போட்டுப் பார்த்து 90 நாளில் எடுத்துவிட்டேன். திடீர் பிரேக், நடு ராத்திரி ஓட்டம், 80 மைலுக்கு மேல், எல்லாம் எண்ணும். நண்பர் காரில் பயணியாகப் போனதையும் என் கணக்கில் எழுதியது. ஒவ்வொரு தடவையும் "ஓட்டியது நானில்லை" என்று போனில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆப்பே தேவையில்லை என்கிற காலம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்து தரகு நிறுவனங்களுக்கு விற்று, அது இன்சூரன்ஸ்காரர்களிடம் போனது போன வருடம் மார்ச்சில் செய்தித்தாளில் வந்தது. இந்த வாரம் மத்திய வர்த்தக ஆணையம், அப்படித் தகவல் கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஐந்து வருடத் தடை கொண்டுவந்திருக்கிறது. போலீஸ்காரராவது ஜன்னல் பக்கம் வந்து எவ்வளவு வேகம் தெரியுமா என்று கேட்டார்.

2025 அக்டோபர் 5

டிக்கெட் வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது என்று உற்சாகமாக அதே கம்பெனியில் மறுபடி கொட்டேஷன் எடுத்தேன். இந்த முறை நேர்மையாக "ஆமாம்" என்று தட்டினேன். கூடுதல் அப்படியே இருந்தது. போன் போட்டுக் கேட்டால், அவர்கள் எண்ணுவது போலீஸ்காரர் நிறுத்திய தேதியிலிருந்து இல்லை, தண்டனைத் தேதியிலிருந்து. என்னுடையது 2022 டிசம்பர். கோர்ட் தேதியை ஒரு தடவை தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டது நான்தான். அன்று சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஒரு நோட்டுக்குள்ளேயே இரண்டு தேதி.

2025 டிசம்பர் 14

தேதி தாண்டியது. கொட்டேஷன் எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு தொகை, சக்கரம் சுற்றியது, அடுத்த பக்கத்திலும் அதே தொகை. ஐந்து வருடம் சுத்தமாக இருந்தால் தரும் தள்ளுபடி மட்டும் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தானாம். பரவாயில்லை. மாறிவிட்டேன். அன்று கைக்கு எட்டாமல் போன 127-ஐ ஐந்து ரின்யூவலுக்குப் பெருக்கினால் 635. கோர்ட்டில் கட்டிய நானூற்றுச் சொச்சத்தையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். மேலே எடிசன் நண்பரின் கேள்வியில் இருக்கும் 105-ஐப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் என்ன செய்தார் என்று சொல்லவே இல்லை. ஆன்லைனில் கட்டிவிட்டு மறந்துவிட்டார் போலிருக்கிறது.

2025 டிசம்பர் 21

புது ஏஜென்ட் கேட்டார்: வீட்டில் ஓட்டும் வயதில் வேறு யாராவது உண்டா? மகளுக்குப் பதினாறு, போன மாதம் பெர்மிட் வாங்கினாள். லைசென்ஸ் வந்ததும் எவ்வளவு ஏறும் என்று சும்மா போட்டுக் காட்டச் சொன்னேன். காட்டினார். அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. என் டிக்கெட் இனி வீட்டில் ஒரு பொருட்டே இல்லை.

இன்று காலை பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். 25 மைல் தெரு. எட்டிப் பார்த்து "முப்பத்தொன்று" என்றேன்.

"அப்பா, சத்தமா சொல்லாதீங்க" என்றாள்.